பொது வார்டு

ஆலயத்தின் பக்கத்து அறையில் ஒரு மர அலமாரி உண்டு. திறந்தால் முதலில் பாச்சை உருண்டை மணம் வரும், அதற்குப் பின்னால் பழைய தாளின் மணம். அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்ததால் ஈரச் சுவரின் மணமும் சேர்ந்திருந்தது.

ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நான் திருவிருந்துத் துணிகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் சித்தப்பா மகன் வின்சென்ட்.

“அக்கா, ஞானஸ்நான ரிஜிஸ்டர் ஒண்ணு பாக்கணும்.”

“யாருக்க பேரு? பிள்ளைக்கு சர்ட்டிபிக்கேட் வேணுமா?”

“எனக்க பிள்ளைக்கு இல்ல. ஷீபாக்க பேரு.”

“ஷீபா கேட்டாளா?”

“அவ கேக்க மாட்டா. பஞ்சாயத்து எலெக்சனுக்கு அடுத்த வார்டு இந்தத் தடவ பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கியாச்சுல்லியா? அவதான் அங்க ஸ்தானார்த்தியாம். கிறிஸ்தியானி எப்படி அதுல நிக்க முடியும்? ரிஜிஸ்டர்ல பேரு உண்டு. ஒரு போட்டோ எடுத்தா போரும்.”

“ஐயருட்ட கேட்டியா?” எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம்.

“அவரு அக்காட்ட கேக்கச் சொன்னாரு.”

“அப்ப செவ்வாய்க்கிழமை கமிட்டியில வைக்கேன்.”

“இதுக்கு என்னத்துக்கு கமிட்டி? உள்ளதத்தானே கேக்கேன். பொய்யா எழுதச் சொன்னேனா?”

அவன் சொன்னது சரி. அவன் பொய் எதுவும் கேட்கவில்லை. நான் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் பார்க்கிறவர்களுக்காக: நான் முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, குன்னத்துகாலிலிருந்து வெள்ளறடை போகும் வழியில் எங்கள் ஊர். ஓய்வு பெற்ற பிறகு சபைக்குச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் ஒருத்தி அந்தப் பொறுப்புக்கு வந்தது எங்கள் சபையில் அதுதான் முதல் தடவை.

வின்சென்ட்

கட்சிப் பெயர்களை நான் இந்தத் தொடரில் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்தில் கட்சி மாறாதவர்கள் குறைவு. எழுதினால் அச்சாகி வருவதற்குள் தவறாகிவிடும். வின்சென்ட் ரப்பர் ஷீட் வியாபாரி, சபைக் கமிட்டி உறுப்பினர், ஒரு கட்சியின் உள்ளூர்த் தலைவர். அந்தத் தேர்தலில் எங்கள் வார்டில் அவன்தான் வேட்பாளர். அடுத்த வார்டில் அவன் கட்சி வேறொரு பெண்ணை நிறுத்தியிருந்தது. ஷீபா நின்றால் அந்தப் பெண் தோற்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றவன் வின்சென்ட். அதற்குப் பிறகு மோட்டார் ரிப்பேரானால் அவன், கேஸ் சிலிண்டர் தூக்கி வைக்க அவன். என் இளைய மகளுக்கு மார்த்தாண்டம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்ததும் அவன்தான். ஜனவரியில் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, பந்தல் எல்லாம் அவன் பொறுப்பில் இருந்தன.

இதை நன்றி சொல்வதற்காக எழுதவில்லை. பின்னால் நான் செய்ததை வாசிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

ஷீபா

ஷீபாவை ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் எனக்குத் தெரியும். கையெழுத்து மோசம், ஞாபகம் நல்லது. பத்தொன்பது வயதில் கல்யாணம். கணவர் திருவனந்தபுரத்தில் கொத்தனார், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். ஒரு மகள். தொழிலுறப்பு வேலையில், அதாவது பஞ்சாயத்து கொடுக்கும் நூறு நாள் வேலையில், ஷீபாதான் குழுத் தலைவி. காலையில் ஆட்களுக்குப் பேர் விளிப்பதும், மண்வெட்டி எடுத்துக்கொண்டு முதலில் ஓடைக்குள் இறங்குவதும் அவள்.

அவர்கள் இருப்பது ஆலயக் குன்றின் சரிவில், கோலனி என்று எல்லோரும் சொல்லும் இடம். அது அடுத்த வார்டில் சேரும். கோலனிக்கு ஒற்றையடிப் பாதைதான். வெட்டுக்கல்லில் செதுக்கிய படிகள், மழையில் வழுக்கும். ஒரு மழைக்காலத்துக் காலையில் ஷீபாவின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ரோட்டில் ஆட்டோ காத்து நின்றது. ஆட்டோவில் ஏற்றும்போது உயிர் இல்லை.

அதற்குப் பிறகு ஷீபா அந்த வழியை அகலப்படுத்தச் சொல்லி பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்கினாள். வழிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். உடைமைக்காரர்கள் மூன்று பேர். மூன்று பேரும் எங்கள் சபை. ஞாயிறுதோறும் ஒரே ஜெபத்தைச் சொல்கிறவர்கள். மூன்றடி இடம் கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

வார்டு ஒதுக்கீடு குலுக்கலில் வந்தது. வந்த அன்றே வேறொரு கட்சிக்காரர்கள் ஷீபாவைத் தேடிப் போனார்கள். அவளும் சரி என்றாள். மெம்பரானால் வழியைப் பற்றிக் கேட்டு நிற்க வேண்டாமே, பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே எழுந்து பேசலாமே என்பது அவளுடைய கணக்கு.

இரண்டு பெயர்

எங்கள் ரிஜிஸ்டரில் அவள் பெயர் எஸ்தர், அப்பா பெயர் யோவேல். பள்ளிச் சான்றிதழில் ஷீபா, அப்பா பெயர் தங்கையன், மதம் இந்து.

அவளைப் பள்ளியில் சேர்க்க வந்த நாளில் நான் அந்த அறையில்தான் இருந்தேன். ஹெட்மாஸ்டர் மதம் என்ன என்று கேட்டார். தங்கையன் ஒரு பார்வை என் பக்கம் பார்த்தார். முந்தின நாள் ஞாயிறு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆலயத்தில் இருந்திருந்தோம். “இந்துண்ணே போடுங்க சார்” என்றார்.

நான் அன்று அவரை மனசுக்குள் மட்டமாக நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று, திங்கட்கிழமை ஒன்றா என்று. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

என் வேலை உத்தரவு வந்ததும் இட ஒதுக்கீட்டில்தான். எங்கள் சாதிக்குக் கிறிஸ்தவராக இருந்தாலும் பிற்பட்ட வகுப்புச் சலுகை உண்டு. என்னிடம் யாரும் வேதமா வேலையா என்று கேட்கவில்லை. வேலையில் சேரப் போன அன்று கைப்பையில் பைபிள் இருந்தது. தங்கையனின் சாதிக்கு அப்படி இல்லை. கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி என்பது போய்விடும். இந்து, சீக்கியர், பௌத்தர் இவர்களுக்கு மட்டும்தான் என்பது சட்டம். சாதிப் பெயர்களை நான் எழுதவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

மதம் மாறியதும் அவர்களுடைய சாதி போய்விட்டது என்று சட்டம் சொல்கிறது. சபையில் போகவில்லை. என் சிறுவயதில் அவர்கள் இடது பக்கம் பாயில் இருந்தார்கள். பெஞ்சு வந்த பிறகு கடைசி மூன்று பெஞ்சு. கல்லறைத் தோட்டத்தில் கீழ்த்தட்டு, கல் நிறைந்த இடம். இப்படி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முன்பெஞ்சு விருந்தாளிகள்

தேர்தல் காலத்தில் எங்கள் ஆலயத்தில் முன்பெஞ்சு காலியாக இருக்காது. வேட்பாளர்கள் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வருவார்கள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வந்தால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முந்தைய தேர்தல் ஒன்றில் மரியாதையான ஒரு மனிதர் வந்தார், இந்து. எல்லோரும் முழங்காலிட்டபோது அவரும் இட்டார். ஜெபம் முடிந்து நாங்கள் எழுந்து பாட்டுப் பாட ஆரம்பித்த பிறகும் கண்ணை மூடி அப்படியே இருந்தார். டீக்கனார் போய்த் தோளைத் தொட்டார். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் எனக்கு அவர் மேல் இன்றும் மதிப்பு உண்டு. இருந்தவர்களில் அவர் ஒருத்தர்தான் நிஜமாகவே ஜெபம் செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

திருச்சபை மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இருக்கும். அதை நான்தான் வாசிப்பேன். வாசித்து முடித்து வெளியே வந்ததும், “டீச்சரே, மனச்சாட்சிண்ணு யாரைச் சொல்லுகாவ?” என்று நாலு பேராவது கேட்பார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வருஷம் முழுக்க ஏழைக்கு நீதி என்று பிரசங்கம் செய்கிறவர்கள் தேர்தல் மாதத்தில் மட்டும் பொறுமையைப் பற்றிப் பேசுவார்கள்.

கமிட்டி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. பதினோரு பேர். வின்சென்ட் தன் கோரிக்கையைச் சொன்னான். கூச்சல் எதுவும் இல்லை, நன்றாகப் பேசினான். சபை உண்மையின் பக்கம் நிற்க வேண்டும், ரிஜிஸ்டரில் உள்ளதை மறைப்பது பொய்ச்சாட்சிக்குச் சமம் என்றான். சிலர் தலையாட்டினார்கள். பத்துக் கட்டளை என்று வந்துவிட்டால் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

கமிட்டியில் கோலனியிலிருந்து ஒரே ஒருத்தர்தான் உண்டு. யோசுவா அண்ணன். கல்குவாரியில் வேலை செய்து ஓய்ந்தவர், எழுபது வயது. ஆறு வருஷமாகக் கமிட்டியில் இருந்தார். முடிவு ஜெபத்துக்கு ஆமென் சொல்வதைத் தவிர அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை. அன்று எழுந்து நின்றார்.

“நாங்க கடைசிப் பெஞ்சில இருக்கும்பம் எந்தச் சாதிண்ணு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருந்துது. குழி வெட்டுகதுக்கு இடம் காட்டும்பமும் தெரிஞ்சிருந்துது. இப்பம் அந்தக் குட்டி நிக்கப்போறாண்ணதும் நாங்க வெறும் கிறிஸ்தியானி ஆயிட்டோமாக்கும்?”

உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஐயர் முப்பத்தைந்து வயதுக்காரர். சபைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. “ஒருவருடைய பதிவை அவரோ அவருடைய பெற்றோரோ எழுதிக் கேட்டால் கொடுப்போம். வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அம்மா, இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். நான் எழுதினேன். யாரும் எதிர்க்கவில்லை.

வின்சென்ட் எழுந்தான். “ரிஜிஸ்டர் இல்லேண்ணா என்ன? அவ திருவிருந்து எடுக்குக போட்டோ எனக்க போன்லயே உண்டு. எலெக்சன் ஆபீஸருட்ட மனு கொடுப்பேன். அக்காவத்தான் சாட்சியா எழுதுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு என்மேல் நல்ல திருப்தி இருந்தது. நியாயத்தின் பக்கம் நின்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டதற்கு அவ்வளவு திருப்தி.

ஒரு ஒப்பு

மறுநாள் காலை சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஷீபா பின்வாசல் வழியாக வந்தாள். கால் முழுக்கச் செம்மண். அடுக்களை முக்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

“டீச்சரே, நான் அங்க நிக்கல்ல.”

“வின்சென்ட் ஏதாவது சொன்னானா?”

“அவரு சொன்னது கெடக்கட்டு. கட்சிக்காரரு எலெக்சன் முடியுகது வரைக்கும் கோயிலுக்குப் போவண்டாம்ணு சொன்னாவ. போன ஞாயித்துக்கிழமை போவல்ல. நானும் பிள்ளையும் வீட்டில இருந்தோம். மைக்குல பாட்டு கேக்குது. பிள்ள சத்தமில்லாம கூடப் பாடுகா. எனக்கு அது தாங்கல்ல டீச்சரே.”

மகள் நெய்யாற்றின்கரையில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சாதிச் சான்றிதழில் கிடைத்த இடம்.

“எனக்க பேரத் தோண்டினா பிள்ளைக்க பேரையும் தோண்டுவாவ. அவளுக்க படிப்பு போச்சுண்ணா நான் மெம்பர் ஆயிட்டு என்ன செய்யப்போறேன்?”

என் மனசிலிருந்த பாரம் இறங்கியது. சாட்சி சொல்லப் போக வேண்டாம். “நல்லது மக்கா. நிக்கண்டாம். எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரும்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “நிக்கல்லண்ணு சொல்லல்ல டீச்சரே. அங்க நிக்கல்லண்ணுதான் சொன்னேன். இங்க நிக்கப்போறேன்.”

“எங்க?”

“டீச்சருக்க வார்டுல. கட்சி ஒண்ணும் இல்லாம, தனியாட்டு.”

“அது பொது வார்டாக்குமே, மக்கா.”

இந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது.

“அதத்தான் சொல்லுகேன். பொதுண்ணா எல்லாருக்கும் உள்ளதுதானே? அங்க சாதி சர்ட்டிபிக்கேட்டு வேண்டாம், மதமும் கேக்க மாட்டாவ. பஞ்சாயத்தில வோட்டு இருந்தா எந்த வார்டுலயும் நிக்கலாம். வக்கீலிட்ட கேட்டாச்சு.”

முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பொது என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டுப் பரீட்சை வைத்திருக்கிறேன். பொது வார்டு என்றால் எங்கள் ஆட்களுடைய வார்டு என்றுதான் அன்று காலை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களுக்கு என்று ஒதுக்கியது அவர்களுக்கு, மீதி எல்லாம் எங்களுக்கு. ஒருநாளும் அதை யோசித்துப் பார்த்ததுகூட இல்லை.

“பேரு முன்மொழிய அந்த வார்டு வோட்டர் ஒருத்தரு வேணும். டீச்சரு ஒரு ஒப்பு போட்டுத் தரணும்” என்றாள் ஷீபா.

ஒப்பு என்றால் கையெழுத்து. ஒரு தாளில் என் பெயர், வின்சென்டுக்கு எதிராக. அந்தத் தாள் பஞ்சாயத்து அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும்.

“நாளைக்குச் சொல்லட்டா?”

“நாளைக்குத்தான் கடைசி. மூணு மணி வரைக்கும் உண்டு.” எழுந்தாள். “வாறேன் டீச்சரே.”

ராஜம்மா

அன்று முழுவதும் நான் காரணங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபைச் செயலாளர் ஒரு வேட்பாளரை முன்மொழியலாமா? அது சபையை அரசியலில் இழுப்பதாகாதா? கல்யாண வீட்டில் ஆண்துணை என்று இருப்பது அவன் ஒருத்தன்தானே? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? எல்லாமே நல்ல காரணங்களாகத்தான் இருந்தன. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மகளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “அம்மா போடுகதா இருந்தா அவ கேட்டப்பமே போட்டிருப்பிய” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பஞ்சாயத்து அலுவலகத்தில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். மாலை, கொடி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பு. ஷீபா தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் ராஜம்மா. எங்கள் வார்டின் கடைசியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறவள். இந்து. ஷீபாவோடு ஓடை வெட்டுகிறவள்.

“ஷீபா, நான் போடத்தான் வந்தேன்.”

“தெரியும் டீச்சரே. ராஜம்மாக்கா காலையிலேயே போட்டுட்டாவ.”

நம்பிச் சொன்னாளா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ராஜம்மா சிரித்தாள். “எனக்கு என்ன டீச்சரே? வழியில ஒருத்தரும் என்னைக் கண்டா நிண்ணு பேசுகதில்ல. இனி பேச மாட்டோம்ணு சொல்லி மிரட்டவும் முடியாது.”

நான் அங்கேயே நின்றேன். திரும்பிப் போக வேண்டும் போலவும் இருந்தது, போகக் கூடாது போலவும் இருந்தது. ஷீபா கேட்டாள், “அப்பம் கூட நடக்க வருவியளா? வீடு வீடாட்டு போணும். எனக்கு அந்த வார்டுல உள்ளுக்குப் போயிப் பழக்கமில்ல.”

கையெழுத்தைவிட அது பெரிய காரியம். ஆனால் இந்தத் தடவை நாளைக்குச் சொல்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. “வாறேன்” என்றேன்.

அப்போதுதான் வின்சென்ட் மாலையோடு படியேறி வந்தான். எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். கூட வந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்தான்.

“அக்கா இவளுக்க கூடயா?”

“ஆமா வின்சென்ட்.”

“எனக்கு எதிராட்டா?”

“உனக்கு எதிரா இல்ல. அவளுக்க கூட.”

“ரெண்டும் ஒண்ணுதான் அக்கா.”

அவன் சொன்னதில் தவறு இல்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.

வீடு வீடாக

பத்து நாள் நடந்தோம். ஷீபாவுக்குத் தையல் மெஷின் சின்னம். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்த வீடுகள்தான் முக்கால்வாசியும். பல வீடுகளில் நான் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போய் வந்தவள். “டீச்சரே, உள்ள வாருங்க” என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். அவளுக்குப் போடவில்லை. முதல் வீட்டில் நான் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. இரண்டாவது வீட்டிலிருந்து நானும் நின்றேன். நாலாவது வீட்டில் இரண்டு நாற்காலி வந்தது.

யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லவில்லை. போடுவோம் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார்கள். ஒரு பெண் என்னைத் தனியாக அழைத்து, “வின்சென்ட் கூட என்ன பிணக்கம்?” என்று கேட்டாள். பிணக்கம் இல்லாமல் நான் இப்படி வர முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கோலனி வழியின் உடைமைக்காரர் மூவரில் ஒருத்தர் எங்கள் வார்டு. அவர் வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது, புளித்த வாடை. ஷீபா நோட்டீஸைக் கொடுத்தாள். அவர் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார்.

“வோட்டு வேணும்ணா கேளு. வழி கேக்காத.”

“வோட்டு இல்லேண்ணாலும் சாரமில்ல மாமா. வழி தாங்க” என்றாள் ஷீபா.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே போய்விட்டார்.

இந்த இடத்தில் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வின்சென்ட் ஒரு ஆளிடம் மண்டபத்துச் சாவியையும் சமையல்காரர் போன் நம்பரையும் கொடுத்தனுப்பினான். மீதியை நானும் மகளும் பார்த்துக்கொண்டோம். கல்யாணத்தன்று வந்தான். மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தான், சாப்பிட்டான், என்னிடம் பேசாமல் போனான். ஈஸ்டருக்குத்தான் மறுபடி பேசினான். இப்போது பேசுகிறோம். பழைய மாதிரி என்று சொல்ல முடியாது. சிலிண்டர் வந்தால் நானே உருட்டிக் கொண்டுபோய் வைக்கிறேன்.

எண்ணிக்கை

வாக்கு எண்ணியது பாறசாலையில் ஒரு பள்ளியில். எங்கள் வார்டு முடிய அதிக நேரம் ஆகவில்லை. வின்சென்ட் ஜெயித்தான். ஷீபா மூன்றாவது. நூற்று எழுபத்தெட்டு ஓட்டு.

வெளியே வெடி போட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினோம். ராஜம்மா சன்னல் பக்கம் உட்கார்ந்து உடனே தூங்கிவிட்டாள். நான் ஷீபாவுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“டீச்சரே, உங்க வார்டுல எங்க ஆளு வீடு ஒண்ணாவது உண்டா?”

“இல்ல.”

“டீச்சரும் மகளும் ரெண்டு. ராஜம்மாக்கா வீட்டில மூணு. எனக்க கூட வேலைக்கு வாற ஆளுவ ஒரு பத்து. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பாக்கியெல்லாம் யாரு டீச்சரே?”

நான் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். பாக்கலாம் என்று சொன்ன வீடுகள். நாற்காலி போடாத வீடுகள். வாசலில் வின்சென்ட் படம் ஒட்டியிருந்த வீடுகள். அவற்றுக்குள்ளிருந்துதான் நூற்று அறுபதுக்கு மேல் ஓட்டு வந்திருந்தது. வேறு எங்கிருந்தும் வர வழியில்லை. கணவனுக்குத் தெரியாமல் போட்ட மனைவியா, அப்பாவுக்குத் தெரியாமல் போட்ட மகனா, தெரியாது. அந்த வழியின் உடைமைக்காரர் போட்டாரா என்பதும் தெரியாது. மார்ச் மாதத்தில் அவர் யாரிடமும் சொல்லாமல் தன் பக்கத்து வேலியை மூன்றடி உள்ளே மாற்றி நட்டார் என்பது மட்டும் தெரியும். மற்ற இரண்டு பேரும் இன்னும் நடவில்லை. ஆட்டோ இப்போது பாதி வரைக்கும் போகும்.

“ஒருத்தரும் வெளியில சொல்ல மாட்டாவ மக்கா” என்றேன். சொல்லும்போதே, ஒரு நாள் அவகாசம் கேட்ட என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று தெரிந்தது.

“சொல்லண்டாம்” என்றாள் ஷீபா. “இருக்காவண்ணு தெரிஞ்சுதே.”

பஸ் குன்னத்துகால் தாண்டியது. அவள் ராஜம்மாவை எழுப்பினாள். அடுத்த நாள் எட்டு மணிக்கு எங்கள் வார்டில் ஓடை வேலை தொடக்கம், ஆட்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு, என் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இரண்டு பேரும் இறங்கினார்கள்.